தக்காளி விதை: புளிக்க வைப்பதிலும் காய வைப்பதிலும் எது பிசகினால் எப்படித் தெரியும்

தக்காளி விதையை 3 நாள் புளிக்க வைத்துக் கழுவி ஒரு வாரம் காய வைக்கச் சொல்வதுதான் எங்கும் கிடைக்கும் குறிப்பு. அது 20 முதல் 25 டிகிரி வெப்பத்துக்குப் போட்ட கணக்கு. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 38, 40 என்று நிற்கும்போது 3 நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்துவிடும். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் காய வைத்தாலும் விதை காயாது. செட்டிநாட்டில் விதை கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான். நாள் கணக்கை விட்டுவிட்டு விதையைப் பார்க்கப் பழகினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

குறி பார்ப்பதற்கு முன், சரியான வழி சுருக்கமாக:

செடியிலேயே நன்கு பழுத்து, லேசாகத் தளர்ந்த பழமாக எடுங்கள். குறுக்காக வெட்டி, விதையையும் அதைச் சுற்றிய கொழகொழப்பையும் கண்ணாடி டம்ளரிலோ எவர்சில்வர் கிண்ணத்திலோ பிதுக்குங்கள். செம்பு, பித்தளை, இரும்புப் பாத்திரம் வேண்டாம். தக்காளிப் புளிப்பு அவற்றை அரிக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரை பொங்கும். தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. சாறு மிகக் குறைவாக இருந்தால் மட்டும் ஓரிரு தேக்கரண்டி. மெல்லிய வெள்ளைத் துணியால் வாயை மூடி, ரப்பர் பேண்ட் போட்டு நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் ஒரு குச்சியால் கிளறிவிட வேண்டும். ஒரு கிலோ பழத்துக்கு 2 முதல் 5 கிராம் விதை கிடைக்கும். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதை இருக்கும் என்பதால் வீட்டுத் தோட்டத்துக்கு 4, 5 பழமே தாராளம்.

முடிந்ததற்கு அடையாளம் மூன்று. மேலே வெள்ளை ஆடை படர்ந்திருக்கும். கிளறினால் விதை தனியே பிரிந்து அடியில் இறங்கும். ஒரு விதையை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்காமல் சொரசொரப்பாக இருக்கும். மூன்றாவது அடையாளம்தான் தீர்ப்பு. ஆடை படராவிட்டாலும் விதை சொரசொரத்துவிட்டால் உடனே கழுவிவிடுங்கள்.

ஒரு நாள் கழிந்தும் நுரையில்லை, ஆடையில்லை

மார்கழி, தை மாத இரவுகளிலும், கனத்த சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் உள்ள வீட்டின் உள்ளறைகளிலும் இது நடக்கும். அந்தத் தரை சில்லென்று இருப்பதால் அதன்மேல் வைத்த பாத்திரமும் சூடேறாது. பாத்திரத்தைத் தரையிலிருந்து எடுத்து அடுப்படி அலமாரியில் ஏற்றுங்கள். அடுப்புக்கு அருகே வைக்கலாம், அடுப்பின்மேல் கூடாது. இன்னொரு காரணம் தண்ணீரை அதிகம் ஊற்றிவிடுவது. சாறு நீர்த்துப்போனால் நுண்ணுயிருக்குத் தீனி குறையும். அப்படியானால் விதை அடியில் தங்கும்படி மேல்தண்ணீரை மெதுவாகச் சாய்த்துக் கொட்டி, ஒரு பழத்தின் சாற்றைப் பிழிந்து சேர்த்து மறுபடி வையுங்கள்.

கிளறிய பிறகும் எல்லா விதையும் மிதக்கிறது

மிதப்பதெல்லாம் பதர் என்று கொட்டிவிடாதீர்கள். கொழகொழப்பு கரையாத விதை, தன்னோடு காற்றுக்குமிழியைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். நல்ல விதையும் அப்படித்தான் மிதக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கையால் நன்றாகக் கலக்கி, 5 நிமிடம் அசையாமல் விடுங்கள். இறங்கியதை வைத்துக்கொண்டு மிதப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் புளிப்பு போதவில்லை. இன்னும் 6 முதல் 12 மணி நேரம் வேண்டும். சொரசொரப்பாக இருந்தும் மிதந்தால் அது பதர். முக்கால்வாசி பதராக இருந்தால் தவறு புளிக்க வைத்ததில் இல்லை, பழம் முற்றவில்லை. சந்தைக்காகக் காயாகப் பறித்துக் கூடையில் பழுக்க வைத்த தக்காளியில் இது சகஜம்.

வாடை வயிற்றைப் புரட்டுகிறது. பச்சை, கறுப்புப் பூஞ்சை

புளித்த மாவு வாடையும் லேசான கள் வாடையும் இருக்கத்தான் செய்யும். வெள்ளை ஆடையும் நல்லதே. அழுகிய முட்டை போலவோ சாக்கடை போலவோ நாறினால் கிளறாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது நேரம் கடந்துவிட்டது. பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு படர்வது, மேலே மிதக்கும் தோலும் சதையும் காற்றில் கிடப்பதால் வரும். அவற்றைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, அடியில் உள்ள விதையைத் தேய்த்துப் பாருங்கள். விதை வெளிர் மஞ்சளாக இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 4, 5 தண்ணீரில் கழுவினால் வாடையும் போய்விடும். அடுத்த முறை பிதுக்கும்போதே தோலையும் பெரிய சதைத் துண்டுகளையும் விலக்கிவிடுங்கள்.

சின்னஞ்சிறு வெள்ளைப் புழு நெளிந்தால், துணி மூடும் முன்பே பழ ஈ முட்டையிட்டிருக்கிறது. அந்தப் புழு சதையைத் தின்னும், விதையைத் தொடாது. கழுவும்போது தண்ணீரோடு போய்விடும்.

பாத்திரத்திலேயே முளை எட்டிப் பார்க்கிறது

இங்கே கோடையில் அதிகம் காணும் கேடு இதுதான். பழத்துக்குள் அவ்வளவு ஈரத்திலும் விதை முளைக்காமல் இருப்பதற்கு அந்தக் கொழகொழப்பு ஒரு காரணம். முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் அதில் இருக்கின்றன. புளிக்க வைப்பதே அதைக் கரைப்பதற்காக. அது கரைந்த கணத்திலிருந்து விதைக்குக் காவல் இல்லை. ஈரமும் சூடும் இருக்கின்றன, முளைத்துவிடும். தண்ணீர் அதிகம் ஊற்றினால் தடைப்பொருள் நீர்த்து, இன்னும் சீக்கிரம் முளைக்கும்.

வெள்ளைப் புள்ளி போல முளை தெரிந்த விதையைக் காய வைத்தால் செத்துவிடும். நாற்று வேண்டுமென்றால் அன்றே தொட்டியில் ஊன்றுங்கள். மீதியில் முளை காட்டாதவையும் உள்ளே விழித்திருக்கக்கூடும். அவற்றைச் சேமித்தாலும் ஆயுள் குறைவு, அடுத்த விதைப்புப் பட்டத்துக்குள் விதைத்துவிட வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை முதல் சோதனையை 18 மணி நேரத்திலும், பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறையும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மாலையில் பிதுக்கி வைத்தால், அடுத்த நாள் இரவு தூங்கப் போகும் முன் கட்டாயம் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள்.

விதை பழுப்பாக, கறுப்பாக மாறிவிட்டது

முற்றிய தக்காளி விதை காய்ந்த பின் வைக்கோல் நிறத்தில், நுண்ணிய முடி படர்ந்து இருக்கும். அந்த முடி பூஞ்சை அல்ல; அதைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. சாம்பல் படிந்தது போல் லேசாக மங்கியிருந்தால் புளிப்பு சற்று மிஞ்சியிருக்கிறது, முளைப்புக்குப் பெரிதாகக் கேடில்லை. அடர்பழுப்பும் கறுப்பும் வேறு: நீண்ட நேரம் ஊறி அழுகியது, இரும்புப் பாத்திரத்தில் கிடந்தது, அல்லது நோயுள்ள பழத்திலிருந்து வந்தது. கறுத்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் கீழே சொல்லும் முளைப்புச் சோதனைக்கு உட்படுத்துங்கள்.

காய்ந்த விதை கட்டியாக இருக்கிறது, தட்டை விட்டு வரவில்லை

கழுவியது போதவில்லை. டீ வடிகட்டியில் விதையைப் போட்டு, குழாய்த் தண்ணீரில் விரலால் அழுத்தித் தேய்த்து, கீழே இறங்கும் தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். பிறகு வடிகட்டியின் அடிப்புறத்தைத் துணியில் ஒற்றி ஈரத்தை உறிஞ்சவிடுங்கள். செய்தித்தாளிலும் டிஷ்யூவிலும் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் மேல்தோல் கிழியும். பீங்கான் தட்டு, கண்ணாடித் தட்டு, நைலான் வலை ஆகியவை நல்லவை. நெருக்கமாக முடைந்த சுளகும் ஓலைப் பெட்டியும் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டாம் நாள் முதல் மாற்றிப் போடலாம். முதல் நாள் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் கலைத்துவிட்டால் கட்டி விழாது. ஏற்கெனவே கட்டியாகியிருந்தால் உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டுங்கள். உடையவில்லையா, விட்டுவிடுங்கள், விதைக்கும்போது நனைத்தால் பிரிந்துவிடும்.

எறும்பு இழுத்துப் போனால் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் விதைத் தட்டை வையுங்கள். எறும்புப் பொடியைத் தட்டருகே தூவ வேண்டாம். முற்றத்தில் வைத்தால் அணிலுக்கும் சிட்டுக்கும் மேலே ஒரு வலை.

எத்தனை நாளானாலும் காயவில்லை

ஐப்பசி, கார்த்திகையில் இதை எதிர்பார்க்க வேண்டும். விதை, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு ஒரு சமநிலைக்கு வந்து நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 45 சதவீதம் என்றால் தக்காளி விதையின் ஈரம் 8 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும். 75 என்றால் 11 சதவீதத்தில் நிற்கும். 80 என்றால் 12. அதன்பின் இன்னும் 10 நாள் கிடத்தினாலும் அங்கேயேதான் இருக்கும். சேமிக்க வேண்டிய அளவு 8 சதவீதம்; காற்றுப் புகாத பாட்டிலில் அடைப்பதானால் 6. மழைக்காலத்தில் திண்ணைக் காற்றை மட்டும் நம்பி இந்த அளவை எட்ட முடியாது.

அப்போது செய்ய வேண்டியது: விதையை மின்விசிறிக் காற்றில் 3 நாள் நிழலுலர்த்துங்கள். ஒரு கை புழுங்கலரிசியை வெறும் வாணலியில், சிறு தீயில், பொன்னிறம் தட்டும்வரை வறுங்கள். சூட்டோடு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கொட்டி இறுக மூடி ஆறவிடுங்கள். திறந்து ஆறவிட்டால் அரிசி காற்றின் ஈரத்தை வாங்கிவிடும், வறுத்ததே வீண். நன்கு ஆறிய பின் விதையை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து அரிசிக்குள் புதைத்து மூடுங்கள். அரிசி, விதையின் எடையைப் போல் 5 மடங்காவது இருக்கட்டும். ஒரு வாரம் கழித்துப் புதிதாக வறுத்த அரிசியில் மறுபடி ஒரு வாரம். ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கிடைத்தால் விதையின் எடைக்குச் சம எடை போதும்.

காய்ந்ததா என்று பார்க்க, பாட்டிலில் விதையோடு பொடி உப்பு போட்டுக் குலுக்கும் வழக்கம் உண்டு. உப்பு ஒட்டினால் ஈரம் இருக்கிறது என்பது உறுதி. ஒட்டாவிட்டால் காய்ந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு நமக்கும். விதையில் 10 சதவீதம் ஈரம் இருந்தாலும் உப்பு உதிரியாகவே இருக்கும். அதைவிட விதையையே மடித்துப் பார்ப்பது மேல். வளைந்தால் ஈரம்; பட்டென்று ஒடிந்தால் சேமிக்கலாம்.

பாட்டிலில் பூஞ்சை, மக்கிய வாடை

காயும் முன் அடைத்ததால் வருவது. பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்த விதையைக் கழித்துவிட்டு, மீதியைத் தட்டில் பரப்பி முந்தைய தலைப்பின்கீழ் சொன்னபடி மீண்டும் உலர்த்துங்கள். குளிர்பெட்டியில் வைத்தவர்களுக்கு வேறொரு வழியில் இது வரும்: சில்லென்ற பாட்டிலை எடுத்த உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் விதைமேல் வியர்வையாகப் படியும். ஒரு இரவு வெளியே வைத்து, பாட்டில் அறைச்சூட்டுக்கு வந்த பிறகே திறவுங்கள்.

விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும் என்பது விதை அறிவியலில் பழகிய கணக்கு. நன்கு காய்ந்த விதை குளிர்பெட்டியில் 5 ஆண்டுக்குக் குறையாமல் தாங்கும். காயாத விதையைக் குளிர்பெட்டியில் வைப்பது பயனற்றது.

பார்க்க நன்றாக இருக்கிறது, முளைக்கவில்லை

இதில்தான் நிதானமாக நிற்க வேண்டும், காரணம் பல.

முதலில் சோதனை. 20 விதையை எண்ணி, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில் இடைவெளி விட்டுப் பரப்பிச் சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். துணி ஈரமாக இருக்கட்டும், சொட்டக் கூடாது. 5ஆம் நாள் ஒருமுறை, 14ஆம் நாள் ஒருமுறை எண்ணுங்கள். 20க்கு 14 முளைத்தால் 70 சதவீதம். இந்தியாவில் சான்று பெற்ற தக்காளி விதைக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவே அதுதான். 10க்குக் கீழே போனால் விதை பலவீனம், ஒரு குழியில் 3, 4 போட்டு இந்தப் பட்டத்திலேயே புது விதை எடுத்துவிடுங்கள்.

துணியில் முளைத்து மண்ணில் முளைக்காவிட்டால் விதைமேல் குற்றமில்லை. தக்காளிக்கு முளைக்க உகந்தது 20 முதல் 30 டிகிரி. 35ஐத் தாண்டினால் முளைப்பு சட்டென்று விழும். சித்திரையில் மொட்டைமாடியில் வைத்த கறுப்பு நாற்றுத்தட்டில் மண் அதற்கு மேல் கொதிக்கும். தட்டை வீட்டின் இரண்டாங்கட்டு நிழலுக்கு இறக்கி, முளை வெளிவந்த பின்பே வெயிலைக் காட்டுங்கள். செம்மண்ணை மட்டும் நிரப்பியிருந்தால் காய்ந்ததும் மேலே ஓடு கட்டும், முளை அதைப் பிளக்காது. பாதிக்குப் பாதி மக்கிய எருவோ தென்னைநார்க் கழிவோ கலந்து, விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் ஊன்றுங்கள்.

துணியிலும் முளைக்காவிட்டால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: விதையை எங்கே காய வைத்தீர்கள்? வத்தலும் வடகமும் காயும் அதே மாடியில் பாயை விரித்து விதையையும் பரப்புவது இங்கே இயல்பாக நடந்துவிடுகிறது. நடுப்பகலில் அந்தத் தளம் 50 டிகிரியைத் தாண்டும். எவர்சில்வர் தட்டு என்றால் இன்னும் மோசம். ஈரமுள்ள விதை 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் கிடந்தால் உள்ளே கரு வெந்துவிடும். வெளியே நிறமும் முடியும் மாறாது என்பதால் ஏமாந்துவிடுவோம். ஈரம் அதிகமாக இருக்கும் முதல் 2 நாள் வெயிலே ஆகாது. வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வார நிழலும் நல்ல காற்றும் போதும். மூன்றாம் நாள் முதல், விரும்பினால், காலை 7 மணியிலிருந்து 9 வரை இளவெயில் காட்டலாம். தட்டின்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு உறைத்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

வெயில் படவே இல்லை, இருந்தும் முளைக்கவில்லை என்றால் பழம் முற்றாதது, புளிப்பு மிஞ்சி விதை உள்ளே விழித்துச் செத்தது, பழைய விதை என்ற வரிசையில் பாருங்கள். ஒரு விதையை நகத்தால் பிளந்தால் தெரியும். உள்ளே வெள்ளையாகச் சுருண்ட கரு இருந்தால் விதை முற்றியது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் வெந்தது அல்லது அழுகியது. ஒன்றுமே இல்லையென்றால் பதர்.

முளைத்த நாற்று அடித்தண்டு சுருங்கிச் சாய்கிறது

இது நாற்றழுகல். மண்ணில் உள்ள பூஞ்சைகளால் பெரும்பாலும் வருவது. தண்ணீரைக் குறைத்து, நெருக்கமான நாற்றைக் களைந்து, காற்றோட்டம் கொடுங்கள். விதைக்கும் முன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலப்பதற்கான அளவு கிலோ விதைக்கு 4 கிராம். வீட்டு அளவுக்கு விதை முழுவதும் மெல்லிய தூசாக ஒட்டினால் சரி.

புளிக்க வைப்பது பாக்டீரியா நோய்களைக் குறைக்கும், முழுதாக நீக்காது. சென்ற பட்டத்தில் இலைப்புள்ளியோ தண்டு வெடிப்போ இருந்தால், கழுவிய விதையைத் துணியில் முடிந்து 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி உலர்த்தலாம். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கைக்கணக்கில் சில டிகிரி தவறினாலே விதை செத்துவிடும், பழைய விதைக்கு இது அறவே வேண்டாம். இலை தேமல் வைரஸ் புளிப்புக்கு அடங்காது. தேமல் கண்ட செடியிலிருந்து விதை எடுக்காமல் இருப்பதே வழி. இலைச்சுருள் கண்ட செடியையும் அதேபோல் ஒதுக்குங்கள்.

செடி வந்தது, பழம் தாய்ப்பழம் போல் இல்லை

எல்லாம் சரியாகச் செய்தும் இப்படி ஆனால், விதை எடுத்த பழம் ஹைபிரிட், அதாவது இரு வேறு செடிகளைக் கலந்து உண்டாக்கிய கலப்பினம். கடையில் நாட்டுத் தக்காளி என்று கேட்டு வாங்கியதும் ஹைபிரிட்டாக இருக்கலாம், பேரை நம்ப முடியாது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் நல்ல நோய் எதிர்ப்புள்ள ரகம், ஆனால் அது முதல் தலைமுறை ஹைபிரிட். அதன் விதையில் வரும் செடிகள் ஆளுக்கொரு குணமாகப் பிரியும், நோய் எதிர்ப்பும் எல்லாச் செடிக்கும் வராது. சேமிக்க ஏற்றவை பிகேஎம் 1 போன்ற ரகங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கியது அது. தட்டையான உருண்டைப் பழம், காம்படியில் பச்சைத் தோள்.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனாலும் பூவை அதிரவைக்கும் வண்டுத் தேனீக்கள் கொஞ்சம் கலந்துவிடும். சான்று விதைக்கு ரகங்களுக்கிடையே 25 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். கொல்லையில் அவ்வளவு இடமில்லாவிட்டால், பூ விரியும் முன் கொத்தின்மேல் மெல்லிய துணிப்பை கட்டி, பிஞ்சு பிடித்ததும் எடுத்துவிடுங்கள். நோயில்லாத 5, 6 செடிகளைத் தேர்ந்து, இரண்டாம் மூன்றாம் கொத்தில் சிவப்பு நூல் கட்டுங்கள். சமையலுக்குப் பறிப்பவருக்கும் அந்த நூல் எதற்கென்று சொல்லிவிட வேண்டும். விதைக்கு விட்ட பழம் குழம்புக்குப் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.